கஞ்சி வாளி போன வழி

பூட்டு மேசைமேல் இருந்தது. பித்தளை நிறம், உள்ளங்கை அளவு, இரண்டு சாவிகள் ஒரு நூலில் கோத்தபடி. என் மூத்த சகோதரி, ராத்தா, நோன்பு வாயோடு கண்டி மார்க்கெட்டுக்குப் போய் அதை வாங்கி வந்திருந்தாள். வெளிக் கேட்டுக்குப் போடுவதற்கு. என் கணவர் கேட்டைத் தாண்டாமல் இருப்பதற்கு.

"நாளைக்கு அஸருக்கு முன்ன போட்டுடு. நீ போடாட்டி நான் போடுவேன்."

"பூட்டி வைக்க அவங்க என்ன மாடா ராத்தா?"

"மாடு எண்டா எனக்குக் கவலையில்ல. மாடு வீட்டுக்கு வரும்."

சொன்ன வாயை அவளே முந்தானையால் பொத்திக்கொண்டாள். அடுத்த அறையில் அவர் கதிரையில் உட்கார்ந்து குர்ஆனில் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார். ஓர் எழுத்துத் தட்டாமல் ஓதினார். முந்திய நாள் தன்னைத் தேடி ஊரே அலைந்தது அந்தக் குரலில் இல்லை. அவருக்கு முந்திய நாள் என்று ஒன்றே இல்லை.

அவருக்கு மூளைக்காய்ச்சல் வந்தது நாங்கள் கண்டியில் இருந்தபோது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் பனடோல் கொடுத்தேன். மூன்றாம் நாள் என்னைப் பார்த்து, "உம்மா வந்துட்டாங்களா?" என்று கேட்டார். அவருடைய உம்மா மவுத்தாகி, அடக்கம் செய்து பல காலம். அன்று பின்னேரம் வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்த வாரங்களை இப்போது நினைத்தால் ஒரு நீளமான நடைபாதையும், டெட்டோல் வாசனையும், ஒரு பச்சைத் திரையும்தான் வருகின்றன. அவர் எழுந்து வந்தார். பெயர் சொல்லி அழைத்தார், சிரித்தார், தேத்தண்ணியில் சீனி கூடிவிட்டது என்று குறை சொன்னார். எல்லாம் திரும்பிவிட்டது என்று நம்பினேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தபோது, "எனக்கு ஒருத்தரும் தேத்தண்ணி தரல்லயே" என்றார். அப்போதுதான் விளங்கியது.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்த டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். ஸ்கேன் படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து, இரண்டு காதுக்கும் உட்பக்கமாக இரண்டு சிறிய வளைவுகளைக் காட்டினாள். சுண்டு விரல் அளவுகூட இருக்காது. பார்க்கக் கடற்குதிரை மாதிரி சுருண்டிருப்பதால் அந்தப் பெயரிலேயே ஹிப்போகாம்பஸ் என்று சொல்வார்களாம்.

"ரெண்டு பக்கமும் அடிபட்டிருக்கு அம்மா. முழுக்கப் போகேல்லை. ஆனா நல்லாத் தேஞ்சு போச்சு."

"அது என்னத்துக்குள்ளது டொக்டர்?"

"எங்க இருக்கிறன், எப்ப இருக்கிறன், ஆரோட இருக்கிறன், இது மூண்டையும் ஒண்டாக் கட்டி வைக்கிறது. அவருக்குப் பழைய கட்டுகள் கனக்கக் கிடக்கு. புதுசாக் கட்ட ஏலாது."

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. என்னால் சும்மா இருக்க முடிந்ததே இல்லை. உலை கொதிக்கும் நேரத்திலும் இரண்டு வரி எழுதிவிட்டு ஓடுகிறவள். கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். விளங்காத இடங்களில் டொக்டரைத் தொல்லைப்படுத்தினேன். நாம் நடக்கும் அறையின் ஒவ்வொரு மூலைக்கும் அந்த வளைவுக்குள் சில நரம்புக்கலங்கள் உண்டு. கட்டிலடிக்கு வந்தால் ஒரு கூட்டம் துடிக்கும், ஜன்னலடிக்குப் போனால் இன்னொரு கூட்டம். அந்தத் துடிப்பின் வரிசைதான் உள்ளே இருக்கும் வீடு. அதே கலங்கள் வேறு வீட்டுக்குப் போனால் வேறு வரிசையில் துடிக்கும். ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு வீடுகள், ஒரே கலங்களால் கட்டியவை.

அந்த வளைவுக்குள்ளும் வேலைப் பங்கீடு இருக்கிறது. வாசலில் பல்வரிசை போன்ற ஒரு மடிப்பு. ஒன்றைப்போலவே இருக்கும் இரண்டை, இது வேறு அது வேறு என்று பிரித்து உள்ளே அனுப்புவது அதன் வேலை. அடுத்த வளைவில் உள்ள கலங்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்கிறவை. ஒரு துண்டைக் கொடுத்தால் போதும், முழுவதையும் இழுத்துவந்து போட்டுவிடும். ஒரு வாசனை, ஒரு மணிச் சத்தம், படியில் ஒரு வெடிப்பு. கடைசி வளைவு, உள்ளிருந்து வந்ததையும் கண் இப்போது காண்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். அவருக்கு எங்கே எவ்வளவு தேய்ந்தது என்று டொக்டராலும் அளந்து சொல்ல முடியவில்லை. வீட்டில் பார்த்தவளுக்கு ஒன்று தெரிந்தது: இழுத்துவருவது நிற்கவில்லை, பிரித்து வைப்பதுதான் நின்றுபோனது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கண்டி வீட்டை விட்டோம். அது மலைச்சரிவில், பஸ் பாதையிலிருந்து படி படியாக ஏறிப் போக வேண்டிய வாடகை வீடு. வலிப்பு வந்தவரை அந்தப் படிகளில் எப்படி விடுவது? மடவளையில் ராத்தாவின் வீட்டோடு ஒட்டி இரண்டு அறைகள் வெறுமையாகக் கிடந்தன. சமதரை. கேட்டிலிருந்து பார்த்தால் பள்ளிவாசல் தெரியும். வந்து பார்த்தவர்கள் எல்லோரும், "இதவிட நல்ல இடம் கிடைக்குமா?" என்றார்கள். சுவருக்கு வெளிர்நீலம் அடித்தோம். கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டோம். அவருக்கு வெளிச்சம் வேண்டும் என்று ராத்தா தன் கையாலேயே புதுத் திரை தைத்தாள்.

அவர் அந்த வீட்டை ஒருநாளும் கற்றுக்கொள்ளவில்லை. விடியற்காலை ஸுபஹுக்கு எழுந்து இடப்பக்கம் திரும்பிச் சுவரில் முட்டிக்கொள்வார். கண்டி வீட்டில் குளியலறை இடப்பக்கம். காலைச் சாப்பாடு முடிந்ததும் என்னிடம் மெதுவாக, "மச்சி நல்லாக் கவனிச்சிட்டா. இனிப் போவமா?" என்பார். மச்சி என்பது ராத்தா. அவருக்கு மடவளை எப்போதும் பெண்வீட்டு ஊர். கலியாணம் முடித்த நாளிலிருந்து பகல் சாப்பாட்டுக்கு வருவோம், பின்னேரம் கண்டிக்குத் திரும்புவோம். அந்த ஊரில் இராத்தங்குவதற்கான கட்டு அவருக்குள் இல்லை. ஆகவே ஒவ்வொரு நாளும் அவர் விருந்தாளியாகவே எழுந்தார், விருந்தாளியாகவே மரியாதையாகச் சாப்பிட்டார், விடைபெறுவதற்காகக் காத்திருந்தார். பேச்சும் குறைந்துபோனது. அடுத்தவர் வீட்டில் யார்தான் வாய் ஓயாமல் பேசுவார்கள்?

பழையது எவ்வளவு பத்திரமாக இருக்கிறது என்று ஒருமுறை நானே பார்த்தேன். காய்ச்சலுக்கு முன் அவர் வேனில் பிளாஸ்டிக் சாமான் ஏற்றித் தெல்தெனியப் பக்கக் கடைகளுக்குப் போட்டுவந்தவர். ஒரு நாள் அவரைத் தெல்தெனிய பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனேன். ஒவ்வொரு வளைவையும் பஸ் எட்டுவதற்கு முன்பே சொன்னார். இனி ஒரு போதி மரம், இனி ஒரு கராஜ், இனி தண்ணி தெரியும். நீர்த்தேக்கம் தெரிந்தது. மழை பொய்த்த வருடம் அது. நீர் இறங்கி, கரையோரத்தில் சேறும் சில கற்களும் வெளியே வந்திருந்தன. பழைய ஊர் அந்தத் தண்ணீருக்குள் இருக்கிறது. இப்போதைய ஊரை மேட்டில் கட்டினார்கள். நான் அந்தக் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பார்க்கவில்லை. "டவுன் வந்துட்டு, எறங்கு," என்றார். இறங்கிய பிறகு, நாம் எதற்காக வந்தோம் என்று கேட்டார்.

நோன்பு வந்தது. அதுவரை வீட்டிலேயே தொழுதுகொண்டிருந்தவர், பள்ளிக்குப் போக வேண்டும் என்றார். அஸர் என்னும் பின்னேரத் தொழுகை முடிந்த பிறகு பள்ளியில் நோன்புக் கஞ்சி ஊற்றுவார்கள். ஊர் ஆண்கள் பாத்திரத்தோடு வரிசையில் நின்று வாங்கி வருவார்கள். கண்டியில் இருந்தபோதும் அவர் ஒரு நோன்புகூடத் தவறவிடாமல் கஞ்சி வாங்கி வந்தவர். அதற்கென்றே மூடி போட்ட ஒரு அலுமினிய வாளி. அடிப்பக்கம் நசுங்கியது, கைபிடியில் நான் சுற்றிய துணி. அதைக் கண்டால் அவருக்குப் பழகின மாதிரி இருக்கும், தைரியமாகப் போய்வருவார் என்று தேடியெடுத்துக் கொடுத்தேன். ராத்தாவும், "நல்ல யோசன," என்றாள்.

முதல் நாட்களில் ஒன்றும் நடக்கவில்லை. அவர் போவார். நான் கேட்டடியில் நிற்பேன். அவர் பள்ளி வாசலில் இருந்து வெளியே வந்ததும் கையைத் தூக்கிக் காட்டுவேன். அவர் என்னைக் கண்டு வருவார். அவர் வழியைக் கண்டு வரவில்லை, என் கையைக் கண்டு வந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அன்று அஸர் நேரம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. கொடியில் ராத்தா வீட்டு உடுப்பும் எங்கள் உடுப்பும். ஓடிப்போய் அள்ளி உள்ளே போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். பள்ளி வாசலில் வரிசை கலைந்திருந்தது. அவர் இல்லை.

பள்ளிக்குள் இல்லை. கடைத்தெருவில் இல்லை. பாங்கு சொல்லும் மோதினார் சொன்னார், "கஞ்சி வாங்கிட்டு அப்பவே போய்ட்டாரே." ராத்தாவின் மூத்த மகன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பொல்கொல்லப் பக்கம் போனான். அவன் ஏன் அந்தப் பக்கம் போகிறான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தப் பக்கம்தான் எங்கள் ஊர் ஆறு, கங்கை. ராத்தா கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். மழை விழத் தொடங்கியது. நான் ஓதுவதற்கு எதை எடுத்தாலும் நடுவில் அறுந்தது.

பிறகு போன் வந்தது. எனக்குத் தெரியாத இலக்கம்.

"அக்கா, நான் கண்டியிலருந்து பேசுறேன். நீங்க முன்னாடி இருந்த வீட்டுல இப்ப நாங்கதான் இருக்கோம். ஒண்ணும் பயப்படாதீங்க. ஐயா இங்கதான் இருக்காரு."

எங்களுக்குப் பிறகு அந்த வீட்டுக்குக் குடிவந்த பெண். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கண்டியில் ஒரு உடுப்புக் கடையில் வேலை பார்ப்பவள். என் இலக்கத்தை வீட்டுக்காரரிடம் வாங்கியிருக்கிறாள். நான் என்ன கேட்டேன் என்று நினைவில்லை. அவள் சொன்னது நினைவிருக்கிறது. "கதவத் தட்டவே இல்லக்கா. நேரா உள்ள வந்து, குசினில வாளிய வச்சிட்டு, 'புள்ள எங்க?'ன்னு என்னையவே கேக்குறாரு." அவர் புள்ள என்று அழைப்பது என்னை.

ஓட்டோவில் போனேன். மழையில் வாகனங்கள் நகரவில்லை. நோன்பு திறக்கும் பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். அவர் போன வழியை என் மனம் திரும்பத் திரும்ப நடந்தது: பள்ளி வாசலில் வந்து நின்றிருப்பார். கேட்டில் என் கை இல்லை. கையில் வாளி, வாளிக்குள் கஞ்சியின் சூடு, ரம்பை இலையும் இஞ்சியும் கலந்த அந்த வாசனை. ஒரு துண்டு போதும் என்றேனே. அந்த வாளி முழுக் கண்டி வீட்டையும் அவருக்குள் இழுத்துவந்து போட்டுவிட்டது. இந்தப் பள்ளிக் கஞ்சி வேறு, அந்தப் பள்ளிக் கஞ்சி வேறு என்று பிரித்துச் சொல்ல உள்ளே யாரும் இல்லை. பின்னேரம் ஆகிவிட்டது, மடவளையில் இருக்கிறோம், கஞ்சியை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கண்டி பஸ்ஸில் ஏறியிருக்கிறார். அவர் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. பிழையாக இருந்தது நாங்கள் வீடு மாறியதுதான்.

படி ஏறி மூச்சிரைக்க வாசலில் நின்றேன். உள்ளே சிரிப்புச் சத்தம்.

அவர் எங்கள் பழைய முன்னறையில், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், தான் எப்போதும் உட்காரும் மூலையில் உட்கார்ந்திருந்தார். கஞ்சியைக் கோப்பைகளில் ஊற்றி, அந்தப் பெண்ணுக்கும் அவள் கணவனுக்கும் முன்னால் வைத்திருந்தார். பாங்கு சொல்லும்வரை அவர்களும் தொடாமல் காத்திருந்தார்கள். ஒரு தட்டில் தோலுரிக்காத வாழைப்பழங்கள்.

"பேரீச்சம்பழம் நம்ம வீட்டுல இல்லக்கா," என்றாள் அந்தப் பெண், குற்றம் செய்தவள்போல. "வாழப்பழத்துல நோன்பு தொறக்கலாமான்னு கேட்டேன். ஐயா ஏலும்னுட்டாரு."

"வந்துட்டியா?" என்றார் அவர். "எங்க போன? விருந்தாளிங்க வந்து ஈக்கிறாங்க. வீட்டுல ஒருத்தரும் இல்ல."

அறை இருட்டியது. அவர் எழுந்து, பார்க்காமலேயே கதவுக்குப் பின்னால் கையை விட்டு லைட்டைப் போட்டார். அந்த வீட்டில் சுவிட்ச் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. புதிதாக வருகிற எவரும் தடவித் தேடுவார்கள். வெளிச்சத்தில் அவர் முகத்தைக் கண்டேன். அந்த முகத்தை நான் மாதக்கணக்காகக் காணவில்லை. தன் வீட்டில் இருக்கிற மனிதனின் முகம்.

பாங்கு கேட்டது. வாழைப்பழம், தண்ணீர், கஞ்சி. அவர் பேச ஆரம்பித்தார். அந்தப் பெண்ணின் கணவனைப் பார்த்து, "இந்த வீட்டுக்கு வந்த நாள்ல என்ன நடந்த தெரியுமா?" என்றார். "அலுமாரிய ஏத்திட்டு வந்தோம். பாதிப் படில, திரும்புற எடத்துல எறுகிட்டு. ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. மழையும் வந்துட்டு. இவக்கு ஏசி ஏசிக் களைச்சு, கடைசில அலுமாரிக்குள்ளயே ஏறி நிண்டுட்டா. நனையாம ஈக்க!"

"ஐயய்யோ! பொறகு?"

"பொறகென்ன? படியால வார போற ஆக்களெல்லாம் அலுமாரியத் தட்டிட்டுப் போறாங்க. இவ உள்ளருந்து, 'ஆரு?' எண்டு கேக்கிறா."

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முழுக்க மறந்துபோன நாள் அது. அலுமாரிக்குள் இருந்த பூச்சி உருண்டை மணம் மூக்கில் ஏறியது, மரக் கதவில் மழை அடித்த சத்தம் கேட்டது. அதே அலுமாரி மடவளையில் எங்கள் அறையில்தான் நிற்கிறது. தினமும் அதைத் திறந்து உடுக்கச் சாரம் எடுக்கிறார். அங்கே ஒரு நாளாவது இந்தக் கதை அவர் வாயில் வந்ததா? கதை அலுமாரியில் இருக்கவில்லை. அந்தப் படி வளைவில், அந்த ஜன்னலுக்கு எதிரே, அந்த மூலையில் இருந்தது. நாங்கள் வீட்டை விட்டபோது சாமான்களை மட்டும்தான் ஏற்றிக்கொண்டு வந்திருந்தோம்.

அவரைக் கூட்டிக்கொண்டு படி இறங்குவது கஷ்டமாக இருந்தது. எந்தப் படியில் வெடிப்பு என்று அவர்தான் எனக்குச் சொன்னார். ஓட்டோ மடவளைப் பக்கம் திரும்பியதும், "எங்க போறோம்?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி, "எங்க போறோம்?" கேட்டடிக்கு வந்ததும் தலையைக் குனிந்து, சத்தத்தைத் தாழ்த்தி, "கைய வீசிட்டு வந்துட்டோமே புள்ள, மச்சிக்கு ஒண்டும் வாங்கல்ல," என்றார்.

அடுத்த நாள்தான் பூட்டு வந்தது.

ராத்தாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கங்கைப் பக்கம் தன் மகனை அனுப்பிவிட்டுக் கம்பியைப் பிடித்து நின்றவள் அவள். கண்டி வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று நானும் யோசித்தேன். அங்கே இப்போது ஒரு குடும்பம் அடுப்பு மூட்டுகிறது. வலிப்பு இன்னும் முழுதாக விடவில்லை. படிகள் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, கேட்டில் பூட்டைத் தொங்கவிட என் கை வரவில்லை. விருந்தாளியாக எழும்புகிறவரைக் கைதியாகவும் எழுப்பவா?

டொக்டருக்குப் போன் எடுத்தேன். அழுதிருப்பேன் போல.

"அழாதேங்கோ. கேளுங்கோ," என்றாள். "ஞாபகத்துக்கு ஒரு வழிதான் இருக்கெண்டு நினைக்காதேங்கோ. சைக்கிள் ஓடுறது, ஊசி கோக்கிறது, ஓதுறது, இதுகள் வேற இடத்தில கிடக்கு. அது அவருக்கு அடிபடேல்லை. கால் பழகும். ஆனா மெதுவா. ஒரே வழி, ஒரே நேரம், ஒரே மாதிரி. ஒண்டு மட்டும் கவனம், அவரைப் பிழை விட விடாதேங்கோ. பிழையும் பழகிப்போகும்."

"ஞாபகம் இருக்கா எண்டு கேட்டுப் பாக்கவா டொக்டர்?"

"கேக்கவே கேக்காதேங்கோ. ஞாபகத்தில தேடினா அவர் கண்டிக்குத்தான் போவார்."

ராத்தாவிடம் போய்ச் சொன்னேன். அவள் சாவிகளை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். "பெருநாள் வரைக்கும் பாப்பம். பெருநாள் பிறை காண முன்ன ஒரு நாளாவது தனியப் போய்த் தனிய வரோணும். வராட்டி பூட்டுத்தான். அதுக்குப் பொறகு நீ அழுதாலும் நான் கேக்க மாட்டேன்."

அலுமினிய வாளியை எடுத்து ராத்தாவின் குசினியில் அடுப்புக்கு மேல் இருந்த பரணில் கவிழ்த்தேன். அதற்குப் பதிலாகக் கடையிலிருந்து ஒரு உயரமான பிளாஸ்டிக் ஜக்கு வாங்கினேன். கண்ணைக் குத்தும் சிவப்பு. எங்கள் கண்டி வாழ்க்கையில் ஒரு மூலையிலும் இல்லாத பொருள். அதைப் பிடித்துக்கொண்டு போகும் வழி, இந்த ஒரு வழியாக மட்டும் இருக்கட்டும்.

"ஆம்புளட கைல சிவப்பு ஜக்கா?" என்றாள் ராத்தா. "கலியாண வீட்டுல கை கழுவத் தண்ணி ஊத்தப் போறாரா?"

அவரும் அதை ஏற இறங்கப் பார்த்தார். "இது ஆர்ட?" என்றார்.

"ஒங்கட."

"எனக்கிட்ட இப்படி ஒரு ஜக்கு இல்லயே."

"இப்ப ஈக்கிது. வாங்க போவோம்."

கட்டிலையும் திருப்பிப் போட்டேன், இறங்கினால் குளியலறை இடக்கைப் பக்கம் வரும்படி. ராத்தா தைத்த திரையைக் கழற்றிவிட்டுப் பழைய திரையைக் கட்டினேன். அவள் முகம் வாடியதைக் கண்டும் கட்டினேன். வீட்டுக்குள் பழையதைப்போல எல்லாம் இருக்க வேண்டும். வெளியே பழையதைப்போல ஒன்றுமே இருக்கக் கூடாது.

ஒவ்வொரு அஸருக்கும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிவரை போனேன். பெண் வந்து பள்ளி வாசலில் நிற்பதை முதலில் சிலர் பார்த்தார்கள், பிறகு பார்க்காமல் விட்டார்கள். கஞ்சி வாங்கி வந்ததும் அவர் முழங்கையைத் தொட்டு வலப்பக்கம் திருப்புவேன். மதிலோரமாக நடப்போம். மதில் முடியும் இடத்தில் ஒரு கொய்யா மரம். அதன் கிளையை அவர் கையால் தொடவைப்பேன். பிறகு கேட். ஒரு சொல்லும் பேசாமல் இதையே செய்தோம். நாளாக நாளாக முழங்கையைத் தொடுவதை விரல் நுனியால் தொடுவதாக்கினேன். பிறகு தொடாமல் பக்கத்தில் நடந்தேன். பிறகு ஓரடி பின்னால். அவர் பிழையான பக்கம் பாதத்தைத் திருப்புவதற்குள் என் கை முந்திக்கொள்ளும். நோன்பின் களைப்பில் எனக்குக் கண் இருட்டும். ஒரு மனிதனின் காலில் எழுதுவது என்றால் இவ்வளவு மெதுவாகத்தான் எழுத வேண்டும் போலும்.

அப்படி நடக்கும்போது என்ன நினைக்கிறார் என்று தெரியாது. ஒருமுறை மட்டும் கொய்யாக் கிளையைத் தொட்டபடி நின்று, "இந்த மரத்த எனக்குத் தெரியும் போல ஈக்கிது," என்றார். அடுத்த நாள் முதன்முதலாகக் காண்பவர்போல அதைக் கடந்து போனார். கை மட்டும் கிளையைத் தொட்டது.

கடைசி நோன்புகளில் ஒன்றில் அவரைத் தனியே பள்ளிக்கு அனுப்பினோம். ராத்தா ஜன்னலுக்குப் பின்னால் நின்றாள், பூட்டு மேசையில். நான் கடைத்தெருவில், ஒரு பழக்கடையின் படங்குத் திரைக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். அவர் என்னைக் காணக் கூடாது. என் கையும் இருக்கக் கூடாது.

வெளியே வந்தார். சிவப்பு ஜக்கு கையில். படியில் நின்று கேட்டுப் பக்கம் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. அப்படியே நின்றார். பள்ளியிலிருந்து வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அந்த நேரம் பார்த்து கண்டி பஸ் வந்து சரியாக எதிரே நின்றது. கொண்டக்டர் கதவில் தொங்கிக்கொண்டு, "நுவர! நுவர! நுவர!" என்று கண்டியின் சிங்களப் பெயரைக் கூவினான். அவர் தலை நிமிர்ந்தது. அந்தச் சொல்லில் அவருடைய வீடு இருந்தது. படி, வெடிப்பு, கதவுக்குப் பின்னால் சுவிட்ச், அலுமாரிக்குள் இருந்து ஆரு என்று கேட்ட நான். பஸ்ஸைப் பார்த்து ஓரடி வைத்தார். கொண்டக்டர் கையை நீட்டினான்.

ஓடிப்போய்ப் பிடித்திருப்பேன். படங்கின் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜக்கில் இருந்த கஞ்சி கொஞ்சம் அலம்பிக் கையில் கொட்டியது. சுட்டிருக்கும். அவர் குனிந்து ஜக்கைப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மறுபடி பஸ்ஸின் பக்கமே போனது. அந்த முகத்தோடேயே அவர் கால் வலப்பக்கம் திரும்பியது. மதிலோரமாக நடந்தார். பஸ் போய்விட்டது. கொய்யா மரத்தடியில் கை உயர்ந்தது, கிளையைத் தொட்டது, இறங்கியது.

நான் பின்னாலேயே ஓடி வந்து சேர்ந்தபோது அவர் கேட்டுக்கு வெளியே நின்று ஸலாம் சொல்லிக்கொண்டிருந்தார். ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்து பதில் சொன்னாள்.

"மச்சி, நான் வீட்டுக்குப் போற வழி," என்றார் அவர். "கஞ்சி கொஞ்சம் குடுத்துட்டுப் போவம் எண்டு வந்தேன்."

"நல்லதாப் போச்சு," என்றாள் ராத்தா. "வாங்க, உள்ள வாங்க. நோன்பு தொறந்துட்டுப் போகலாம்."

அவர் செருப்பைக் கழற்றி, விருந்தாளிகள் கழற்றுவதுபோல வாசலுக்கு வெளியே ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போனார். நான் அந்தச் செருப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பி வந்திருக்கிறார். வீட்டுக்கு வரவில்லை. இரண்டும் உண்மை. அந்த இரண்டையும் வேறு வேறாகப் பிரித்து வைக்கத்தான் எனக்கு ஒரு தலை மிஞ்சியிருக்கிறது.

ராத்தா அந்தப் பூட்டைத் தன் கோழிக்கூட்டுக்குப் போட்டாள். மரநாய் வருகிறது என்றாள்.

பெருநாள் போனது. பள்ளியில் கஞ்சி இல்லை. நான் அதை யோசித்திருக்கவில்லை. கஞ்சியோடு கட்டிய வழி கஞ்சியோடு போய்விடுமே என்று அப்போதுதான் பயம் பிடித்தது. பெருநாள் கழிந்து அஸர் பாங்கு சொன்னதும் அவர் எழுந்து குசினிக்குப் போய், சிவப்பு ஜக்கை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். இனிக் கஞ்சி இல்லை என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். கேட்டடியிலும் நிற்கவில்லை. சமைக்கிற மாதிரி வெங்காயத்தை அரிந்துகொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

வந்தார். ஜக்கு நிறையத் தண்ணீர். வெறும் ஜக்கோடு வாசலில் நின்றவரைக் கண்டு, மோதினார் தொழ வருகிறவர்கள் வுழூச் செய்து கைகால் கழுவும் பைப்பில் பிடித்துக் கொடுத்திருக்கிறார்.

இன்றுவரை அப்படித்தான். அஸர் முடிந்து கொஞ்ச நேரத்தில் கேட் சத்தம் கேட்கும். ஸலாம் கேட்கும். ராத்தாவோ நானோ பதில் சொல்லி உள்ளே அழைப்போம். பைப்புத் தண்ணீர் என்றாலும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வோம். அவர் கதிரையில் உட்கார்ந்து, வெளியே வெயில் இறங்குவதைப் பார்த்து, "நேரமாகுது புள்ள, போவமா?" என்பார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவோம் என்பேன். அவர் குடிக்கும்போது நான் அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய் மதிலோரத்துக் கொய்யா மரத்துக்கு ஊற்றிவிட்டு வருவேன்.